பார்த்துக்கொள்ளப்படுகிறான்

மஞ்ஞப்ற
வியாழன், இரவு

அன்புள்ள லிஜி சேச்சிக்கு,

இந்த அகால நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். கையெழுத்து கோணலாக இருந்தால் அது தூக்கத்தின் குற்றம். விடிந்ததும் நம் ஊர் ஜிக்ஸன் டப்ளினுக்குப் புறப்படுகிறான். உங்களுக்கு மீன் அச்சாறும் வாழைக்காய் வறுவலும் கொடுத்துவிடுகிறேன். அந்தப் பொட்டலத்திலேயே இந்தக் கடிதத்தையும் செருகிவிடலாம் என்று தோன்றியது. போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன். உங்களுக்குத்தான் என்னைத் தெரியுமே.

அந்த ஆங்கிலத் தேர்வில் நான் பாஸாகிவிட்டேன், சேச்சி. இன்று சாயங்காலம் முடிவு வந்தது. மூன்றாவது முறையாவது மாதா கைவிடவில்லை. இந்த முறையும் போயிருந்தால் அந்த அயர்லாந்து ஆஸ்பத்திரி வேலையை வேறு பெண்ணுக்குக் கொடுத்துவிடுவதாக ஏஜென்சிக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். ஏபலின் அப்பா பினோய்ச்சனிடம் சவூதிக்கு, தம்மாமுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவர் "சரிக்குமா? சரிக்குமா?" என்று நம்ப முடியாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்.

இரண்டு முறையும் என்னை வீழ்த்தியது பேச்சுத் தேர்வு என்பது உங்களுக்குத் தெரியும். நம் ஆஸ்பத்திரியில் கேஸ் ஷீட்டில் எழுதுவதெல்லாம் வாய்க்குள் அடங்காத பெரிய பெரிய சொற்கள். நோயாளியிடம் பேசுவது மலையாளம். இரண்டுக்கும் நடுவில், சாதாரண ஜனங்கள் வீட்டில் பேசுகிற ஆங்கிலம் ஒன்று இருக்கிறதே, அது நமக்கு வரவே இல்லை. அங்கமாலியில் எங்களுக்குப் பாடம் எடுத்த பைலி சார் அதைத்தான் போட்டுப் பிழிந்தார். "ஆபரேஷன் போஸ்ட்போன் ஆச்சுன்னு அந்த ஊர் அம்மச்சிகிட்டப் போய்ச் சொல்லாதே. புட் ஆஃப் பண்ணியிருக்காங்கன்னு சொல்லு. குழந்தையை அட்மிட் பண்ணினாங்கன்னு சொல்லாதே, 'ப்ராட் இன்'னு சொல்லு" என்பார்.

சின்ன வினைச்சொல், அதன் பின்னால் வால் மாதிரி இன்னொரு குட்டிச் சொல். நேராகச் சொல்லும்போது எனக்கும் அது வந்துவிடும். அதையே 'செய்யப்பட்டது, வைக்கப்பட்டது' என்று திருப்பிப் போடச் சொன்னால் வால் எங்கேயோ விழுந்துவிடும். ஒருநாள் வகுப்பில் எழுந்து நின்று, குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று சொல்வதற்காக, 'த சைல்ட் இஸ் பீயிங் லுக்டு' என்று சொல்லி நிறுத்திவிட்டேன். 'ஆஃப்டர்' வரவில்லை. பைலி சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எல்லாரும் சுத்தி நின்னு வேடிக்கை பாக்குறாங்களா, மோளே? ஒருத்தர்கூட தொடலையா அந்தப் பிள்ளையை?" என்றார். வகுப்பே சிரித்தது. "இந்த மாதிரிச் சொல்லும்போது செஞ்சது யாருன்னு சொல்லாம விடலாம். யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா வாலை மட்டும் விட்டுடாதே. நீ என்ன பல்லியா?" என்றும் சேர்த்துக்கொண்டார். அதிலிருந்து தேர்வு வரைக்கும் என் பெயர் பல்லி.

தேர்வு அன்று காலையில் நம் ஏபலுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. கைக்குழந்தையாக இருந்தபோது அவனுக்கு ஒருமுறை ஜுரத்தில் வலிப்பு வெட்டு வந்ததை நீங்கள்தானே வார்டில் கூட இருந்து பார்த்தீர்கள். புடவைகூடச் சரியாகக் கட்டவில்லை. இந்தத் தேர்வும் வேண்டாம், அயர்லாந்தும் வேண்டாம் என்று கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

பினோய்ச்சனின் அண்ணி எல்ஸி சேட்டத்தியைப் பற்றி முன்பு உங்களிடம் எவ்வளவு குறை சொல்லியிருக்கிறேன். நான் வெளிநாடு போவது அவருக்குப் பிடிக்கவில்லை. "பெத்தவ குத்துக்கல்லாட்டம் இருக்கும்போதே பிள்ளையை என் தலையில கட்டிட்டுப் போறா" என்று குடும்பப் பிரார்த்தனை முடிந்த கையோடு எல்லார் காதிலும் விழச் சொன்னவர். அவர்தான் அன்று வந்து என் மடியிலிருந்து பிள்ளையைப் பிடுங்கினார். "எழுந்திரிடீ. இவன் அழுதா நான் பாத்துக்கறேன். நீ அழுதா யாரு பாத்துக்கறது? பஸ் போயிடும்" என்று என்னை வாசலுக்குத் தள்ளினார். நான் மருந்து, ஈரத்துணி, எந்த டாக்டர் என்று சொல்லிக்கொண்டே படி இறங்கினேன். "நானும் ரெண்டு பெத்தவதான். போடீ" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

தேர்வு மண்டபத்தில் நுழைந்ததும் போனை வாங்கி வைத்துவிட்டார்கள். அதன் பிறகு எனக்கு வீடு என்று ஒன்று இருந்ததா என்பதே தெரியாது.

பேச்சுத் தேர்வில் கையில் ஒரு அட்டை கொடுத்து, அதில் உள்ளபடி நடிக்கச் சொல்வார்கள் இல்லையா. என் அட்டையில் என்ன இருந்தது தெரியுமா? ஜுரத்தில் வெட்டு வந்த குழந்தையைத் தூக்கி வந்திருக்கிறார்கள். தாய் உள்ளே வரவேண்டும் என்று அடம் பிடிக்கிறாள். நர்ஸ் நான். அவளை வெளியிலேயே நிறுத்திச் சமாதானப்படுத்த வேண்டும்.

எதிரில் தாயாக நடித்த அம்மாவுக்கு நரைத்த தலை, அமைதியான முகம். அவர் ஆரம்பித்ததுதான் தாமதம், நான் நர்ஸ் என்பதே மறந்துவிட்டது, சேச்சி. "எத்தனை டிகிரி இருக்கு? கண்ணு சொருகிச்சா? இப்ப அவன் பக்கத்துல யாரு இருக்கா?" என்று அவரிடம் நான் கேட்க ஆரம்பித்துவிட்டேன். தாய் கேட்க வேண்டியதையெல்லாம் நர்ஸ் கேட்டால் எப்படி? அவர் ஒரு கணம் திகைத்தார். அப்புறம் தன் பாத்திரத்தை விடாமல், மிக மெதுவாக, "அதைத்தான் சிஸ்டர், நான் உங்ககிட்ட கேக்குறேன்" என்றார்.

அப்போதுதான் சுயநினைவு வந்தது. பைலி சார் முகம் கண்முன் வந்தது. "ஹி இஸ் பீயிங் லுக்டு ஆஃப்டர்" என்றேன். வால் விழவில்லை. அத்தோடு விட்டிருக்கலாம். அந்த அம்மா விடவில்லை. "யாரு பாத்துக்கறாங்க?" என்றார். யாரும் கேட்க மாட்டார்கள் என்று சார் சொல்லியிருந்தாரே! பெற்றவள் கேட்பாள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

"நான்தான். நீங்க உள்ள வர்ற வரைக்கும் அவன் கையை விட மாட்டேன்" என்றேன். அட்டையில் அப்படியெல்லாம் இல்லை. குரல் உடைந்துவிட்டது. முடிந்தது நம் கதை, இந்த முறையும் போச்சு என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தேன்.

போனைத் திறந்தால் சேட்டத்தியின் செய்தி. பிள்ளை வாயெல்லாம் கஞ்சி அப்பிக்கொண்டு சிரிக்கும் படம். கீழே, "ஜுரம் இறங்கிடுச்சு. உன்னைக் கேக்கவே இல்ல" என்று எழுதியிருந்தார். பஸ் நிறுத்தத்தில் நின்று சிரித்தேன். கொஞ்சம் அழுதேன் என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது சொல்லுங்கள், எந்தப் பேச்சில் தோற்றுவிட்டேன் என்று நினைத்தேனோ அதில்தான் இன்று நல்ல மதிப்பெண் வந்திருக்கிறது. பைலி சார் கேட்டுவிட்டு, "பல்லிக்கு வால் முளைச்சாச்சு" என்றார்.

சேட்டத்தியிடம் சொல்ல அடுக்களைக்குப் போனேன். மத்தி வறுத்துக்கொண்டிருந்தார். "அப்ப போறது உறுதியாயிடுச்சு" என்று மீனைத் திருப்பிப் போட்டார். கொஞ்சம் கழித்து, "அங்க பயங்கரக் குளிராமே. இவனுக்கு ஸ்வெட்டர் எப்ப வாங்கணும்?" என்று கேட்டார். அவனை உடனே கூட்டிப்போக முடியாது, என் காகிதங்கள் எல்லாம் சரியாகி, வீடு பார்த்து, அதற்கப்புறம்தான் என்றேன். "அதுவரைக்கும்?" என்றார். பிறகு அவரே அடுப்பை அணைத்துவிட்டு, ஏபலைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "அதுவரைக்கும் இவன் எங்க ஓடிடப் போறான்? இங்கதான் இருப்பான். நீ வர்றப்ப வந்து வாங்கிக்க. தர்றதா வேண்டாமான்னு அப்ப பாத்துக்கலாம்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

மனசு லேசாகிவிட்டது, சேச்சி. நிஜமாகவே. இத்தனை நாள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்டது. பக்கத்தில் ஏபல் என் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு தூங்குகிறான். அதை அவிழ்க்காமல் ஒரு கையால்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் புறப்பட்டபோது உங்கள் ரோஸ்மோளும் இதே வயசுதான். பிறகு அவளைக் கூட்டிப்போக வந்தீர்களே, ஏர்போர்ட்டில் உங்களைப் பார்த்ததும் ஓடி வந்தாளா? இல்லை, யார் பின்னாலாவது ஒளிந்துகொண்டாளா? இத்தனை நாளில் நீங்கள் அதைச் சொன்னதே இல்லை. நானும் கேட்டதில்லை. எல்லாம் சரியாயிடும் என்று மட்டும் எழுதாதீர்கள். நடந்ததை எழுதுங்கள்.

நீங்களும் ரோஸ்மோளும் அந்தக் குளிரில் சுகமாக இருக்க மாதா துணை நிற்கட்டும். அச்சாறைத் திறந்தால் மேலே எண்ணெய் நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட் போடுவதற்குள் உங்கள் பதில் என் கைக்கு வர வேண்டும். சீக்கிரம் எழுதுங்கள், சேச்சி.

என்றும் அன்புடன்,
உங்கள் டின்ஸி