கீழிருந்து பார்த்த விமானம்

வெள்ளவத்தை
20.02.2024

அன்புள்ள நிஷாந்திக்கு,

நீர் யோகேஸ்வரி மாமி வீட்டில்தான் இருக்கிறீர் என்று மாமியே சொன்னா. சுகம் என்று கேட்டு ஆறுதலாக இருந்தது. ஆனால் என் நம்பரை ஏன் தடுத்து வைத்திருக்கிறீர்? பன்னிரண்டு தரம் எடுத்துப் பார்த்துவிட்டேன். ஒரே நகரத்துக்குள், வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் பெண்சாதிக்குக் கடிதம் எழுதுகிற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

நான் செய்த குற்றம் என்ன? ஒரு கேள்வி கேட்டேன். கிராண்ட்பாஸில் படங்களுக்குச் சட்டம் போடுகிற ஸாலிஹ் நானா அந்த எண்ணெய்ச் சாயப் படத்தை விலை மதிக்கத் தந்திருந்தார். கிபிர் போர் விமானம், கீழிருந்து பார்த்த கோணம். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அச்சுப் புள்ளி ஒன்றும் இல்லை, முழுக்கத் தூரிகை. அசல்தான். ஆனால் குண்டு தொங்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. விமானத்தைக் காணாத எவனோ போட்டோவைப் பார்த்து அரைகுறையாகக் கீறியதோ என்று சந்தேகம். எங்கள் வீட்டில் கிபிரைக் கீழிருந்து பார்த்த ஆள் நீர்தானே. அதனால் நீர் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குக் கொண்டுவந்து காட்டினேன்.

நீர் கையைத் துடைத்துவிட்டுப் பார்த்தீர். "பிழையில்லை. இது போட்டிட்டு எழும்புற நேரம். அதான் கீழ ஒண்டும் இல்லை" என்றீர். இருபது வருஷமாக விமான ஓவியம் சேர்க்கிற எனக்கு அது தோன்றவில்லை! சந்தோஷத்தில் உம்முடைய தோளில் தட்டினேன். விடிய எழும்பினால் நீரும் இல்லை, உம்முடைய பையும் இல்லை.

கோபம் என்றால் திட்டி எழுதும். பேசாமல் இருக்கவேண்டாம்.

உம்முடைய
கேதீஸ்


கொட்டாஞ்சேனை
23.02.2024

கேதீஸுக்கு,

போனில் கதைத்தால் நீங்கள் விளக்கம் சொல்லத் தொடங்கிவிடுவீர்கள், நான் கேட்டுக்கொண்டே நிற்பேன். கடிதம் என்றால் பாதியில் வைத்துவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்கலாம். உங்கள் கடிதத்துக்கு இரண்டு தேத்தண்ணீர் வேண்டியிருந்தது.

உங்கள் சுவரில் தொங்குகிற பழைய காற்றாடி விமானங்களோடு பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்தினேன். விமானிகள் பென்சிலால் கையெழுத்து வைத்த அந்த அச்சுப் படம் வெயிலில் மங்கிவிடும் என்று திரை தைத்துப் போட்டதும் நான்தான். அவை என்னை ஒன்றும் செய்யவில்லை.

என் தம்பி துவாரகன் எப்படிச் செத்தான் என்று கலியாணத்துக்கு முதலே உங்களுக்குச் சொன்னேன். தெரியாத ஆள் கேட்டிருந்தால் மன்னித்திருப்பேன். நீங்கள் எல்லாம் தெரிந்தும், கறிக்கு உப்புக் காணுமா என்று கேட்கிற மாதிரிக் கேட்டீர்கள். நானும் சரியாகப் பதில் சொன்னேன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. போட்டுவிட்டு எழும்புகிற நேரம் என்றால் போட்டது எங்கே? அந்தப் படத்தின் கீழ்ச் சட்டத்துக்குக் கீழே. அங்கேதான் நாங்கள் இருந்தோம்.

நான் சொன்னதை மதிப்பீட்டு அறிக்கையில் எழுதிவிட்டீர்களா? எழுதியிருந்தால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். எடுத்தால் வீட்டுக்கு வருகிறேன். இல்லாவிட்டால் வரமாட்டேன்.

நிஷாந்தி


வெள்ளவத்தை
27.02.2024

அன்புள்ள நிஷாந்திக்கு,

உம்முடைய கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். நான் ஒரு மடையன், ஒத்துக்கொள்கிறேன். படத்தைத் துணியால் சுற்றி ஸாலிஹ் நானாவின் கடைக்குத் திருப்பி அனுப்பிவிட்டேன். இனி அது இந்த வீட்டுப் படி ஏறாது.

ஆனால் அறிக்கை உம்முடைய கடிதம் வருவதற்கு முதலே போய்விட்டது. உம்முடைய பெயர் அதில் இல்லை. "நேரில் கண்டவர் ஒருவர் உறுதிப்படுத்தியுள்ளார்" என்று ஒரே ஒரு வரி. அந்த வரிக்காகத்தான் படத்தை வாங்கக் கேட்கிற இங்கிலாந்துச் சேகரிப்பாளர் முதலில் சொன்னதைப்போல் மூன்று மடங்கு தருகிறேன் என்கிறார். இப்போது எடுத்தால் நான் பொய் எழுதினேன் என்று ஆகிவிடும். இத்தனை வருஷத்தில் நான் ஒரு மதிப்பீட்டையும் திருப்பி எடுத்ததில்லை. என்னை நம்பி ஆட்கள் வருவதே அதனால்தான். கொஞ்சம் யோசித்துப் பாரும்.

லிப்ட் திரும்பவும் பழுது. மேல்மாடி றேணுகா உம்மை விசாரித்தா. மாமிக்குச் சுகமில்லை, பார்க்கப் போயிருக்கிறீர் என்று சொல்லி வைத்தேன்.

இன்னொன்று. இதைக் கேட்கக் கூடாதுதான். வாங்குகிறவர் இடமும் ஆண்டும் கேட்கிறார். விருப்பம் இல்லாவிட்டால் விட்டுவிடும்.

உம்முடைய
கேதீஸ்


கொட்டாஞ்சேனை
01.03.2024

கேதீஸுக்கு,

விடமாட்டேன். எழுதிக்கொள்ளுங்கள்.

கண்டாவளை, எங்கள் வீட்டு வளவு. 1999, புரட்டாதி மாதம், பகல் பதினொன்றே கால். விமானம் இரண்டு. முதலாவது தலைக்கு மேலால் போன பிறகுதான் அதன் சத்தம் வந்தது. அம்மாவை நான் பங்கருக்குள் இறக்கிவிட்டேன். துவாரகனுக்குப் பதினைந்து வயது. அப்பாவின் புதுச் சைக்கிள் வெயிலில் பளபளத்து மேலே தெரியும் என்று அதை மாமரத்துக்குக் கீழே விட ஓடினான். நான் பங்கர் வாசலில் நின்று "விட்டிட்டு வாடா" என்று கத்தினேன். அப்போது இரண்டாவது வந்தது. அண்ணாந்து பார்த்தேன். மூக்கை நிமிர்த்தி எழும்பியது. அதன் வயிற்றில் ஒன்றும் இல்லை. திரும்பிப் பார்த்தபோது அவன் சைக்கிளை மரத்தில் சாத்திக்கொண்டு நின்றான். பிறகு நான் பார்த்ததை அம்மாவுக்கே சொல்லவில்லை. சைக்கிளுக்குப் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அப்பா அதை அதற்குப் பிறகு ஓடவே இல்லை.

இதில் ஒரு சொல்லும் குறைக்காமல் உங்கள் அறிக்கையில் எழுதுங்கள். என் கண் வேண்டுமென்றால் அது கண்ட முழுவதும் வேண்டும். விலைக்குத் தோதான பாதியை மட்டும் தரமாட்டேன். எழுதி அனுப்பிவிட்டு விலை கூடுகிறதா குறைகிறதா என்று பாருங்கள்.

நிஷாந்தி


வெள்ளவத்தை
09.03.2024

என் நிஷாந்திக்கு,

எழுதினேன். நீர் சொன்னபடியே, ஒரு சொல்லும் குறைக்காமல். துவாரகனின் பெயர், வயது, சைக்கிள், எல்லாம். ஒன்றரைப் பக்கம் வந்தது. கடைசியில் என் கையொப்பம் வைத்து முத்திரையும் குத்தினேன். இதை வாசித்தால் எந்த மனுஷனும் அந்தப் படம் வேண்டாம் என்பான் என்று நம்பித்தான் அனுப்பினேன்.

அடுத்த நாளே வாங்குகிறவரின் பதில் வந்தது. ஆழ்ந்த அனுதாபம் என்று ஒரு வரி. அதற்கடுத்த வரியில் விலையை இன்னும் கூட்டியிருந்தார். இப்படியொரு வரலாறு உள்ள படம் அரிது என்று எழுதியிருந்தார். அரிது! அது நான் பாவிக்கிற சொல் நிஷாந்தி. எத்தனை படத்துக்கு நானே அப்படி எழுதியிருக்கிறேன்.

அன்றைக்கே இரண்டு அறிக்கையையும் திருப்பி எடுத்துவிட்டேன். மதிப்பீடு செல்லாது, அந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை என்று எழுதினேன். அவர் என்னை மோசடிக்காரன் என்கிறார். ஸாலிஹ் நானா, "எங்கட யாவாரத்த நாசமாக்கிட்டீங்களே தம்பி, இனி கடைப் பக்கம் வராதீங்க" என்றுவிட்டார். போகட்டும். நீர் முதல் கடிதத்தில் கேட்டபோதே எடுத்திருந்தால் துவாரகனை அந்த மனுஷனுக்குக் காட்டவேண்டி வந்திராது. என் பேர் கெட்டுவிடும் என்று பயந்தேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

என்னிடம் ஒரு பிரதி மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதையும் கிழித்துவிடப் போகிறேன். அதற்குப் பிறகு அவன் பெயர் வேறு யார் கையிலும் அகப்படாது.

வாரும் நிஷாந்தி.

கேதீஸ்


கொட்டாஞ்சேனை
12.03.2024

அன்புள்ள கேதீஸுக்கு,

கிழிக்கவேண்டாம்.

துவாரகனுக்கு ஒரு மரணச் சான்றிதழ் இருக்கிறது. அம்மா அதைப் பொலித்தீன் பைக்குள் சுற்றி வைத்திருந்தா. காரணம் என்ற இடத்தில் "விபத்து" என்று ஒரு சொல். அவனைப் பற்றி எங்களிடம் உள்ள ஒரே கடதாசி அதுதான். விமானம் வந்தது என்று, பட்டப்பகல் என்று, சைக்கிளை விடப் போனவன் என்று இத்தனை காலமாக ஒருவரும் எழுதிக் கையொப்பம் வைத்ததில்லை. நானும் வைத்ததில்லை. உங்கள் ஒன்றரைப் பக்கம்தான் முதல் தடவை. அதுவும் ஒரு படத்துக்கு விலை போட எழுதியது. நினைத்தால் இப்போதும் உங்கள் மேல் பத்திக்கொண்டு வருகிறது. ஆனாலும் அந்தக் கடதாசி எனக்கு வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறேன். அதை எடுத்துக்கொண்டு மாமி வீட்டுக்குத் திரும்புவேனா, அங்கேயே நின்றுவிடுவேனா என்று எனக்கே தெரியவில்லை. உங்கள் முகத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

இதற்குள் கிழித்திருந்தால் நான் சொல்லச் சொல்ல நீங்கள் திரும்ப எழுதவேண்டும். படத்தின் அளவு, சாயம், விலை ஒன்றும் அதில் இருக்கக் கூடாது. கையொப்பமும் முத்திரையும் இருக்கட்டும். என்னை "நேரில் கண்டவர்" என்று போடவேண்டாம்.

அக்கா என்று போடுங்கள்.

நிஷாந்தி