மீன் நாற்றத்தோடு ஓர் அறிமுகம்

நானா,

நமது அலுவலக அறையில் இப்போதும் மீன் நாறுகிறது. யன்னல்களை எல்லாம் திறந்துவிட்டும் போகவில்லை. போகாவிட்டால் இருக்கட்டும். அந்த நாற்றம்தான் உங்களைக் கொண்டுவந்து என் முன்னால் இருத்தியிருக்கிறது.

இன்று மீன் பெட்டிகளுக்கு ஓடர் தரக் கொழும்பிலிருந்து ஒரு பெரிய கம்பனியின் ஆட்கள் வந்தார்கள். முதலில் எங்களைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். உங்கள் மகன் திரையில் படம் காட்ட எல்லாம் ஆயத்தமாக வைத்திருந்தான்: உருத்திரபுரத்து வயல்களில் ஓடும் எங்கள் நெல் தூற்றும் மெசின், ஆனையிறவு உப்பளத்துத் தள்ளுவண்டி, பள்ளிக்கூடக் கதிரை மேசைகள். உங்கள் வாப்பா தண்ணீர்ப் பம்பு திருத்திய கிளிநொச்சிக் கொட்டில் எங்கே வந்து நிற்கிறது என்று எனக்கே மலைப்பாக இருந்தது. அந்தக் கொட்டிலில் உங்கள் கூடப் பிறக்காத தங்கச்சி நான் வெல்டிங் பிடிக்க, நீங்கள் ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்றீர்கள். "பொம்பிளை ஒட்டின இரும்பு நிக்குமோ?" என்று கேட்டவர்களுக்கு உங்களிடம் ஒரே பதில்தான்: "ஏறி நிண்டு பாருங்கோ."

ஆனால் எதைச் செய்தாலும் முதல் சாமானை நீங்கள் விற்கவே மாட்டீர்கள். ஊரிலேயே ஆகக்கூடக் குறை சொல்லும் ஆளைத் தேடிப் பிடித்து, ஒரு பருவத்துக்குச் சும்மா கொடுப்பீர்கள். அவர் வாய் ஓய்ந்த பிறகுதான் ஓடர் எடுப்போம். "குறை சொல்லாத ஆளிட்டக் குடுத்து என்ன பிரயோசனம், தங்கச்சி? முகத்துக்குச் சிரிப்பார், சாமான் மூலையில கிடக்கும்" என்பீர்கள்.

மீன் பெட்டிக்கு நாங்கள் பிடித்த ஆள் முல்லைத்தீவு மீன் வியாபாரி அம்மா ஒருவர். முதல் படம் திரையில் விழும் நேரம் பார்த்து, பஸ்ஸில் பெட்டியோடு வந்து இறங்கினார். நேரே உள்ளே வந்து மேசையில் வைத்தார்.

"இஞ்ச பாருங்கோ அக்கா, மூடி கையோட வருது. உப்புக் காத்துக்கு இந்தப் பிணைச்சல் தாங்காதெண்டு அண்டைக்கே சொன்னனான்."

உங்கள் மகன் என் காதுக்குள், "மாமி, பெட்டியை அங்கால எடுக்கட்டே?" என்றான். நான் தலையாட்டி மறுத்தேன்.

வந்தவர்களில் மூத்தவர் சிரித்தார். "மூடியைப் பிறகு பார்க்கலாம். எங்களுக்குப் பெட்டி இந்த மாதமே வேணும். இல்லையெண்டால் வேற இடம் பார்ப்பம்."

என் கை இடுப்பில் இருந்த திறப்புக்குப் போனது. பின் கொட்டகைப் பூட்டின் திறப்பு. சண்டையில் கூரை போன அந்தக் கொட்டகைக்கு, இடம்பெயர்ந்து கிடந்த புத்தளத்திலிருந்து திரும்பி வந்த கையோடு நீங்கள் பூட்டுப் போட்டீர்கள். கூரையில்லாததற்குப் பூட்டு எதற்கு என்று சனம் சிரித்தது. கடைசி நாளில் ஆசுப்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி அந்தத் திறப்பை என்னிடம் தந்து, "இதுக்குள்ளயும் மெசின் ஓடவேணும்" என்றீர்கள். இந்த ஓடர் கிடைத்தால் ஓடும். ஆசை இல்லாமல் இல்லை, நானா. 'ஓம்' என்ற சொல் வாய்வரைக்கும் வந்தது.

விழுங்கிவிட்டு எழுந்தேன். "எங்கட கம்பனி இதுதான், ஐயா. முதல் பெட்டி இவவிட்ட இருக்கு. இவவின்ர வாய் ஓயுமட்டும் ரெண்டாவது பெட்டி இல்லை. ஒரு பருவம் பொறுங்கோ."

அவர்கள் பொறுக்கவில்லை. தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு வாகனம் ஏறினார்கள்.

உங்கள் மகன் திரையை அணைத்தான். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு, பெட்டியைத் தூக்கிப் பட்டறைக்கு நடந்தான். அந்த அம்மா விடவில்லை. "பிணைச்சலை மட்டும் மாத்தாதை தம்பி, பிடியும் சரியில்லை" என்று பின்னாலேயே போனார். எனக்குச் சிரிப்பு வந்தது. உங்களை நினைத்து அழுகையும் வந்தது.

திறப்பு இடுப்பில்தான் இருக்கிறது. பின் கொட்டகைப் பூட்டுக்கு எண்ணெய் விட்டுவிட்டு, வெல்டிங் கண்ணாடியை எடுத்துக்கொண்டு நானும் பட்டறைக்குப் போகிறேன்.