தலையணை இல்லாமல் தூக்கினேன்

பாப்பாவின் அப்பாவுக்கு,

உங்கள் தலையணையைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன். கை பட்டாலே வலிக்கும் என்று பாப்பாவை அதில் கிடத்தித் தூக்கிய காலம் முடிந்துவிட்டது.

எட்டு மாதம் கிருமிக்கு மருந்து கொடுத்தும் எலும்பு வீக்கமும் தோல் கொப்புளமும் குறையவில்லை அல்லவா? புது டாக்டர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, "கிருமியே இல்லம்மா. பிறவியிலேயே வர்ற அபூர்வ நோய். உடம்பு தானாவே புண்ணாக்கிக்குது, நிறுத்தத் தெரியல. தினமும் ஒரு ஊசி போட்டா அடங்கும்" என்றார். மூன்றாம் நாளே கொப்புளங்கள் வற்றத் தொடங்கின.

நேற்று பதினெட்டாவது ஊசி. போட்ட நர்ஸைப் பார்த்துப் பாப்பா "போடி" என்றாள். "வாய்க்கு ஒரு நோயும் இல்ல!" என்று நர்ஸ் சிரித்தார். கிளம்பும்போது தலையணையை எடுத்தேன். பாப்பா அதைத் தள்ளிவிட்டுக் கைகளை நீட்டி, "நீ தூக்கு" என்றாள். பயந்து பயந்து தூக்கினேன். அழவில்லை. என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, பஸ் ஸ்டாப் வரை இறங்க மாட்டேன் என்றாள்.

நீங்கள் தூக்கியபோது அலறினாளே, "என் கை இவளுக்கு ஆகாது" என்றீர்களே, அப்போதெல்லாம் என் கையிலும் அப்படித்தான் அலறினாள். நீங்கள் வெளியூர் வேலையைக் கேட்டு வாங்கிய அன்றே நான் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை வாருங்கள். பையைத் தோளில் மாட்டிக்கொள்ளுங்கள். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது இரண்டு கைகளும் காலியாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
இடுப்பு வலிக்கும் உங்கள் மனைவி