நீ இல்லையென்று எழுதிய கார்

கெலிஓயா,
ஞாயிறு காலை.

அன்பு மகன் ஸாகிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மருமகள் அபீபாவும் அல்லாஹ்வின் காவலில் நலமாக இருப்பீர்கள் என்றே நினைத்துக்கொண்டு எழுதத் தொடங்குகிறேன். இங்கே நாங்கள் சுகம். வாப்பாவின் இரத்தச் சீனி கொஞ்சம் இறங்கியிருக்கிறது. வலது கண் அப்படியேதான். மழை விட்டு விட்டுப் பெய்கிறது. காரும் சுகம். காரைக் கடைசியில் எழுதினாலும் இந்தக் கடிதம் அதற்காகத்தான். போனில் பேசினால் பொறுங்க உம்மா என்பாய், நானும் பொறுத்துவிடுவேன். கடிதத்தில் நீ குறுக்கே வர முடியாது.

செவ்வாய்க்கிழமை வாப்பாவைக் கண்டிக்குக் கண் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். நம்முடைய ஹார்விக் காரில்தான். திரும்பும்போது குட்செட் பஸ் நிலையப் பக்கம் கணேஸின் பழைய சாமான் கடையில் நிறுத்தினேன். நம் கார் எஞ்சினுக்கு இடையில் வைக்கும் காஸ்கெட் எங்கும் வாங்க முடியாது என்று உனக்குத் தெரியும். கணேஸ்தான் தக்கைத் தாளில் அளவு வைத்து வெட்டித் தருகிறார். வாப்பா காருக்குள்ளேயே இருந்தார். கடைக்குள் றொமேஷ் எழுதும் கொப்பியும் கையுமாக உட்கார்ந்திருந்தான். என்னோடு படிப்பித்த யாகப்பர் சேரின் மகன். பழைய கார் சங்கத்துக்காக ஒரு வேலை செய்கிறானாம். இந்த நாட்டில் ஹார்விக் டென் இன்னும் எத்தனை மிச்சம் என்று எண்ணும் வேலை. வந்து இறங்கியவை நாற்பத்தொன்று. உடைத்து விற்றவை பத்தொன்பது. கண்ணால் கண்டவை மூன்று. மீதிப் பத்தொன்பதைப் பற்றித் தகவலே இல்லை. தகவல் இல்லாததில் பத்துக்கு ஒன்று உயிரோடு இருக்கும் என்று பிடிக்கிறார்கள். ஆகவே கண்ட மூன்றோடு சேர்த்து ஏறக்குறைய ஐந்து. கணக்கு டீச்சர் என்பதால் கேட்டுக்கொண்டிருந்தேன். பிழை சொல்ல முடியாது. ஊர் ஊராகக் கடைகளில் காஸ்கெட்டும் எண்ணுகிறானாம். வாங்குகிறவர் இருந்தால் எங்கோ ஒரு கார் இருக்கிறது என்றுதானே அர்த்தம். கணேஸ் அவனிடம், "இந்த வருசம் நாலு வெட்டினேன் தம்பி. ரெண்டு கொழும்புக்காரருக்கு. ரெண்டு ஒரு டீச்சரம்மாவுக்கு" என்று சொல்லியிருக்கிறார். கொப்பியில் அப்படியே இருந்தது. கெலிஓயாப் பக்கம் ஒரு பெண், கார் தெரியாது. அந்தப் பெண் நான்தான் என்றேன். கார் இலக்கம் சொன்னேன். பக்கத்தைப் புரட்டினான். அவன் முகம் மாறியது. உடைத்து விற்ற பத்தொன்பதில் நம் கார் ஒன்று. பக்கத்தில், வீட்டார் உறுதி என்று எழுதியிருந்தது.

எந்த வீட்டார் என்று கேட்டேன். போனைத் திருப்பிக் காட்டினான். உன் பெயர். ரொறன்ரோ விலாசம். மாசி மாதம். கார் இப்போது இல்லை என்று நீ நிரப்பி அனுப்பிய படிவம். "டீச்சர், ஒங்க மகனே எழுதிக் குடுத்திருக்காரு. நான் என்னா செய்ய?" என்றான். அந்த நேரம் பார்த்து வெளியே வாப்பா ஹோர்ன் அடித்தார். இல்லாத காரின் ஹோர்ன். கணேஸ் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வெளியே நிற்கிறது, கண்ணால் பார்த்துத் திருத்து என்றேன். முடியாதாம். உடைத்த காரின் இலக்கத்தை வேறொரு காருக்குப் பூட்டி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்களாம். அதனால் இல்லை என்று எழுதியவரே திரும்ப எழுத வேண்டுமாம். அதுவரை நம் கார் சந்தேகமான கார். முப்பது வருடம் நான் ஓட்டும் கார். முப்பதாம் திகதி பட்டியலை மூடுகிறார்கள். பட்டியலில் உள்ளதற்கு மட்டும் சங்கம் கடிதம் தரும். அந்தக் கடிதம் இல்லாமல் இந்த முறை காப்புறுதியைப் புதுப்பிக்க மாட்டோம் என்று கந்தோரில் சொல்லிவிட்டார்கள். காப்புறுதி இல்லாமல் ரோட்டில் இறக்க முடியாது. மாதம் இரண்டு கிளினிக். வாப்பாவின் முழங்கால் த்ரீவீலருக்குள் மடங்காது. பஸ் படியில் ஏறாது. இதையெல்லாம் உன் படிவத்தில் எந்தப் பெட்டியில் நிரப்பினாய்?

வீட்டுக்கு வந்து வாப்பாவிடம் சொன்னேன். "நீதானே சொன்ன மவுத்தெண்டு. பொடியன் நம்பிட்டான்" என்கிறார். யோசித்துப் பார்த்தேன். சொன்னதுதான். மாசியில் நீ கார் எப்படி என்று கேட்டாய், மவுத்து என்றேன். பற்றரி இறங்கி இரண்டு கிழமை ஸ்டார்ட் ஆகவில்லை. இந்த வீட்டில் எது செத்து மவுத்தாகவில்லை, மகன்? கரண்ட் மவுத்து, போன் மவுத்து, கிரைண்டர் மவுத்து. மறுநாள் எல்லாம் எழும்பும். அதைக் கேட்டுத்தானே வளர்ந்தாய். நீ அங்கே போன ஒன்பது வருடத்தில் உம்மாவின் பேச்சு விளங்காமல் போய்விட்டது என்றே நினைத்து, இரண்டு நாள் அதற்காக அழுதேன். அழுதது வீண். வெள்ளிக்கிழமை அபீபா பேசும்போது வாய் தவறிச் சொல்லிவிட்டாள். நான் கம்பளை ரோட்டில் ஓட்டுவது உனக்குப் பயமாம். கார் இல்லையென்று ஆனால் உம்மா வீட்டில் இருப்பாங்க என்றாயாம். அவளை ஏசாதே. அவள் பொய் சொல்லத் தெரியாதவள்.

ஆகவே உனக்கு விளங்கியிருக்கிறது. விளங்கியும், என் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லை எடுத்து எனக்கு எதிராகவே எழுதிக் கொடுத்திருக்கிறாய். பயம் என்றால் பயம் என்று என்னிடம் சொல். நான் பதில் சொல்வேன். பிரேக்கைப் போன மாதம்தான் திருத்தினேன். நான் மணிக்கு முப்பது மைலுக்கு மேல் போவதில்லை. இரவில் எடுப்பதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீ கேட்கவில்லை. அந்தச் சங்கத்துக்காரர்கள் யாரும் காணாத காருக்குக்கூட பத்தில் ஒரு பங்கு உயிர் வைக்கிறார்கள். நீ எனக்கு அதுவும் வைக்கவில்லை.

உங்கள் இருவருக்காகவும் ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். கோபத்திலும் அதை விடவில்லை. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நேரான நாக்கும் தரட்டும். குளிருக்குக் காதை மூடிக்கொள். அபீபாவுக்கு அனுப்பிய மாசிக் கருவாட்டுச் சம்பல் கிடைத்ததா என்று எழுது.

முப்பதாம் திகதிக்கு முன் திருத்தப் படிவத்தை நீயே நிரப்பு. றொமேஷ் எனக்குக் காட்டினான், நான்கே கேள்விகள். கார் இருக்கிறதா, இருக்கிறது என்று எழுது. எங்கே, கெலிஓயா. ஓடுகிறதா, ஓடுகிறது. நான்காவது கேள்வி, ஓட்டுபவர் யார். அதை வெறுமையாக விட்டாலும் ஏற்றுக்கொள்வார்களாம். நீ விடக்கூடாது. என் முழுப் பெயரையும் எழுது, வயது அறுபத்திரண்டு என்றும் எழுது.

இப்படிக்கு,
உன் உம்மா
ஆஸியா ஸெய்னுலாப்தீன்