நிச்சயம் என்று சொன்னேன்

பிப்ரவரி 3, திங்கள்

பெரு நாட்டுக்கு எங்கள் தீப்பெட்டியை வாங்கும் எர்னானிடமிருந்து மெயில். ஸ்பானிஷ். மார்ச் ஆர்டர் பற்றி. நான் ஆறு மாதமாகப் போனில் ஸ்பானிஷ் படிப்பது ஆபீஸ் முழுக்கத் தெரியும். "என்னம்மா சொல்லுதான்?" என்றார் முதலாளி விஜயராஜ் அண்ணாச்சி. 'செகுராமென்தே' என்றிருந்தது. 'செகுரோ' என்றால் நிச்சயம். இங்கிலீஷ் 'ஷ்யூர்' மாதிரி.

"ஷ்யூரா அனுப்புவாங்களாம் அண்ணாச்சி."

"நம்ம செல்வமாரி வெளிநாட்டுக்காரனையே படிச்சிட்டாளே!"

நாள் முழுக்கத் தலைகால் புரியவில்லை எனக்கு.

பிப்ரவரி 6, வியாழன்

கழுகுமலை பஸ்ஸில் பொன்மணி அக்கா. எங்கள் கம்பெனியில் பெட்டிக்குள் தீக்குச்சி அடைக்கிறவர். "ஏட்டி, கடலை மிட்டாய்க் கடையில வேலைக்குக் கூப்பிடுதாவ. நாளைக்குள்ள சொல்லணும். இங்கன மார்ச்சுல வேலை இருக்குமா?"

"நிச்சயமா இருக்குக்கா. மெயில நானே படிச்சேன்."

"அப்போ அங்க வரலன்னு சொல்லிருதேன்."

மார்ச் 10, திங்கள்

ஆர்டர் இல்லை. இருபது பெண்களை, 'வேலை வந்தா சொல்லி அனுப்புதோம்' என்று நிறுத்திவிட்டார்கள். அக்காவும் அதில். "வாக்கு குடுத்துட்டு ஏமாத்துதான், காட்டமா எழுது" என்றார் அண்ணாச்சி. இங்கிலீஷில் எழுதினேன்: நீங்கள் உறுதி தந்தீர்கள்.

மார்ச் 11, செவ்வாய்

எர்னான் பதில், இங்கிலீஷில், ரொம்பத் தன்மையாக. 'நான் உறுதி தரவில்லை. செகுராமென்தே என்றால் அநேகமாக என்றுதான் பொருள். உறுதியாக இருந்திருந்தால் சந்தேகமில்லாமல் என்று எழுதியிருப்பேன்.' அகராதியைப் பார்த்தேன். அவர் சொன்னதுதான்.

அன்றைக்கே பார்க்க என்ன கேடு எனக்கு?

"பதில் வந்துச்சாம்மா?"

"இல்ல அண்ணாச்சி."

மார்ச் 14

இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 22, சனி

பஸ் ஜன்னல் வழியே பார்த்தேன். கரிசல் காட்டில் மிளகாய் பறிக்கிற வரிசையில் அக்கா. சட்டென்று குனிந்து செருப்பைச் சரிசெய்வதுபோல் — சே, நான்லாம் ஒரு மனுஷியா?

மார்ச் 24, திங்கள்

அண்ணாச்சியிடம் மெயிலைக் காட்டினேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "தெரியலன்னா தெரியலன்னு சொல்லியிருக்கலாம்லா?" எர்னானிடம் மன்னிப்புக் கேட்டு எழுதச் சொன்னார். அதோடு விட்டுவிட்டார்.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். மிளகாய் எரிச்சலுக்குக் கையை மோரில் வைத்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"தப்பாப் படிச்சிட்ட, சரி. எப்பத் தெரிஞ்சுது?"

"பதினொண்ணாந் தேதி."

கையை வெளியே எடுத்தார். "அன்னைக்கே சொல்லிருந்தா வேற எடம் பாத்திருப்பேன்லா. சொல்லி அனுப்புவாவன்னு பத்து நாளா வாசலையே பாத்துட்டுக் கெடந்தேன்ட்டி."



ஏப்ரல் 19, சனி

அக்காவுக்கு ஒரு மாவு மில்லில் வேலை கிடைத்துவிட்டதாம். ஆபீஸில் மாரிராஜ் அண்ணன்தான் சொன்னார். அக்கா என்னிடம் சொல்லவில்லை.

சாயங்காலம் பஸ்ஸில் கூட்டம். அக்கா பக்கத்தில் மட்டும் ஓர் இடம் இருந்தது. நான் தயங்கி நிற்பதைப் பார்த்து பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"உக்காருங்கம்மா" என்றார். 'ஏட்டி' இல்லை.

கழுகுமலை வரை என்னால் நிமிர முடியவில்லை.