உன் தொட்டியில் சாக்கடை மீன்

அருமை மச்சான் சேகருக்கு,

கோபமாகத்தான் எழுதுகிறேன். படிக்க இப்போது உனக்கு நேரம் இருக்கும். தண்ணீர் மாற்றும் வேலைதான் இல்லையே.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். மல்காஜ்கிரியில் நம் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், லிஃப்டுக்கு எதிரே, ரயில்வே பணிமனையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து நீ காவல் காத்தாயே அந்தக் கண்ணாடித் தொட்டி, அதில் மறுபடியும் மீன் இருக்கிறது. கப்பி மீன். சாக்கடை மீன் என்று நீ திட்டுவாயே, அதேதான். நீ முகம் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. முழுக்கக் கேட்டுவிட்டுச் சுளி.

நீ போன பிறகு இந்தக் கட்டடத்தில் உன்மேல் அன்பு பெருக்கெடுத்து ஓடியது. ஃபில்டர் சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்று வருஷம் முழுக்கப் புகார் சொன்ன முதல் மாடிக்காரர்தான் முதல் தீவன டப்பாவை வாங்கி வந்தார். பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் உன் நினைவாக மீனுக்கு ஒரு கை உணவு போட வேண்டும் என்று தோன்றிவிட்டது. காலை நடைக்குப் போகிறவர்கள் போகும்போது போட்டார்கள், வரும்போதும் போட்டார்கள். கோயிலிலிருந்து வந்த அம்மாள் பூந்தி போட்டார். டீ குடித்தபடி நின்றவர்கள் உஸ்மானியா பிஸ்கட்டை உடைத்துப் போட்டார்கள். பக்கத்து வீடு போட்டிருக்கும் என்று எந்த வீடும் நம்பவில்லை. உன் ஏஞ்சல் மீன்களும் டிஸ்கஸ் மீன்களும் பிறந்ததிலிருந்து பார்த்திராத விருந்து. விருந்திலேயே பாதி செத்தன.

மீதிப் பாதியைப் பற்றிச் சொல்லும் முன் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். பிள்ளையாருக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. அவரையும் கேட்காமல்தான் செய்தார்கள்.

போன பிள்ளையார் சதுர்த்திக்குச் சுற்றுச்சூழலைக் காப்பாற்றுவது என்று சங்கம் தீர்மானித்திருந்தது. களிமண் பிள்ளையார், இயற்கை வண்ணம், எல்லோருக்கும் எல்லோரும் பாராட்டு. கரைக்கிற நாளில் ஏரிக்குப் போகிற பாதையெல்லாம் லாரி, மேளம், கூட்டம். சரி, இங்கேயே கரைக்கலாம் என்று பிளாஸ்டிக் தொட்டியை எடுத்தால் அது விரிசல் விட்டிருந்தது. அப்போது நம் சங்கத் தலைவர் ராவ்காரு லிஃப்ட் பக்கம் திரும்பிப் பார்த்து, "நீள்ளு இக்கடே உன்னாயி கதா" என்றாராம். தண்ணீர் இங்கேயே இருக்கிறதுதான். அந்தத் தண்ணீரில் குடியிருந்தவர்களை யாரும் விசாரிக்கவில்லை.

நான் கடைக்குப் போய்த் திரும்பியபோது மஞ்சள், குங்குமம், சாமந்தி, களிமண் எல்லாம் சேர்ந்த காவிக் குழம்பின் முன் நின்று எல்லோரும் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் கும்பிட்டேன், உள்ளே இருந்தவர்களுக்காக. மீன்களுக்கு நேரே மோட்சம் என்று ராவ்காரு என் தோளைத் தட்டினார். சொந்த வீட்டு மீனை இப்படி அனுப்பி வைப்பீர்களா என்று கேட்க நினைத்தேன். அவர் வீட்டில் மீன் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் இருக்கும், அதுவும் குழம்பில்.

அப்புறம் உன் படத்தை லேமினேட் செய்து, சந்தன மாலை போட்டு, தொட்டிக்கு மேலே மாட்டினார்கள். ஓய்வு பெற்ற நாளில் போட்டிருந்த கோடு போட்ட சட்டையில் நீ சிரிக்கிறாய். கீழே தண்ணீர் கறுத்து நாறிக்கொண்டிருந்தது. லிஃப்டுக்கு வருகிறவர்கள் ஒரு கையால் நெஞ்சைத் தொட்டு உன்னை வணங்கினார்கள், மறு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய இவ்வளவு பேர் எங்கே கற்றார்கள் என்று தெரியவில்லை.

அடுத்த பொதுக்குழுவில், தொட்டியை எடுத்துவிட்டு அங்கே கூரியர் பெட்டிகள் வைக்க ஓர் அலமாரி அமைக்கலாம் என்று பேச்சு வந்தது. உன் பெயரையே அலமாரிக்கு வைக்கலாம் என்றும் ஒருவர் மனம் நெகிழ்ந்து சொன்னார். சேகர் நினைவுப் பார்சல் அலமாரி. எனக்குச் சிரிப்பு வரவில்லை, மச்சான். வீட்டுக்கு வந்து கமலாவிடம் சொன்னேன். உன் தங்கை சப்பாத்தி மாவைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அப்புறம் நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்:

"அலமாரியெல்லாம் நக்கோ, வேணாம். எங்கண்ணன் தொட்டிய எடுத்தாங்கன்னா நான் அந்த லிஃப்ட் பக்கமே போகமாட்டேன். படியில இறங்குறேன். முட்டி போனா போகட்டும்."

அவள் முட்டியின் நிலைமை உனக்குத் தெரியும். தினமும் காலையில் பால் வாங்க இறங்கும்போது அவள் உன் படத்தைப் பார்ப்பதில்லை. அந்த நாறும் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பாள். எனவே மறுபடி கூட்டத்துக்குப் போய், தொட்டியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுந்து நின்றேன். சங்கராந்திக்குள் மீன் நீந்த வேண்டும், இல்லாவிட்டால் அலமாரி என்று முடிவானது. கூடவே வாஸ்துப்படி எட்டுத் தங்க மீன், ஒரு கறுப்பு மீன் என்று ராவ்காரு நிபந்தனையும் போட்டார்.

என்ன மீன் விடுவது என்று புத்தகங்களைப் புரட்டத் தொடங்கினேன். அங்கேதான் என் கோபம் ராவ்காருவை விட்டுவிட்டு உன் பக்கம் திரும்பியது.

தங்க மீன் நிறையத் தின்னும், நிறைய அசிங்கம் செய்யும், பெரிய இடம் கேட்கும். நம் தொட்டிக்கு ஆகாது. சரி. உன் டிஸ்கஸ்? அதற்கு மென்மையான தண்ணீர் வேண்டும், கதகதப்பு வேண்டும், ஓயாமல் தண்ணீர் மாற்ற வேண்டும். நம் போர்வெல் தண்ணீரோ குழாயெல்லாம் வெள்ளைப் பொருக்கு கட்டுகிற தண்ணீர். அதனால்தான் நீ கேன் கேனாக ஆர்.ஓ. தண்ணீர் வாங்கி மீனுக்கு ஊற்றினாய், நீ போர் தண்ணீரைக் குடித்தாய். இந்த ஊரில் வாழவே முடியாத உயிராகப் பார்த்துத் தேடி எடுத்துக் கொண்டுவந்து, அதை வாழவைப்பதற்கு உன்னையே காவல் போட்டாய். யாரையாவது தொடவிட்டாயா? நான் ஒருநாள் மூடியைத் திறந்ததற்கு, "எண்ணெய்க் கைய வெளிய எடு" என்றாய். எங்கள் பேத்தி பிறந்ததற்கு அரக்கோணத்துக்கு எல்லோரும் ரயிலேறினோம். நீ மட்டும் வரவில்லை. மீனை யார் பார்ப்பது?

அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் சொல்லாமல் விடப் போவதில்லை. காலையில் நெஞ்சை ஏதோ அமுக்குகிறது என்று நீயேதான் சொன்னாய். நான் போய் ஆட்டோ கூட்டி வந்தேன். நீ தொட்டிக்குள் குழாயை விட்டுக்கொண்டு நின்றாய்.

"பாதித் தண்ணிய எடுத்துட்டேன் மச்சான். இப்படியே உட்டா குளுந்துபோய் செத்துரும். ரொப்பிட்டு வந்துர்றேன்."

ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். கமலா கத்தினாள். நீ ரொப்பினாய். ஹீட்டரைப் போட்டாய். குழாயைச் சுருட்டி ஆணியில் மாட்டினாய். ஆஸ்பத்திரியில், வலி எப்போது தொடங்கியது என்று கேட்டார்கள். கமலா சொன்னாள். டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாததை உன் தங்கை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

எதற்காக, மச்சான்? பூந்தி தின்று சாவதற்கா?

கட்டடத்துக்குப் பின்னால், மோட்டார் அறையை ஒட்டி, தண்ணீர் வழிந்து நிறையும் சிமெண்டுத் தொட்டி ஒன்று இருக்கிறதே. போன மழையில் மாநகராட்சி ஆட்கள் வந்து, கொசுப் புழு தின்னட்டும் என்று அதில் சில கப்பி மீன்களைக் கொட்டிவிட்டுப் போனார்கள். அதற்கு யாரும் தீவனம் போடவில்லை, தண்ணீர் மாற்றவில்லை, படம் மாட்டவில்லை. ஒருநாள் பைப் ரிப்பேருக்காக அங்கே போய் எட்டிப் பார்த்தேன். தொட்டி நிறைய மீன். அதே போர் தண்ணீர், அதே வெள்ளைப் பொருக்கு. வாலை விரித்துக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் போல அலைந்துகொண்டிருந்தன.

அன்றே உன் தொட்டியை இறைத்தேன். அடியில் இருந்த களிமண்ணைக் கமலா தன் துளசிக்கும் செம்பருத்திக்கும் போட்டாள். அந்த இடம் பிள்ளையாருக்கும் பிடித்திருக்கும். சோப்புப் போடாமல் கழுவினேன். போர் தண்ணீரை நிரப்பி, பின்னால் இருந்த தொட்டியின் பாசியையும் கொஞ்சம் போட்டு, ஃபில்டரை மட்டும் ஓடவிட்டேன். மீன் விடும் முன் சில வாரம் இப்படி ஓட வேண்டும். மீன் எங்கே என்று லிஃப்டில் கேட்டுக் குடைந்தார்கள். தண்ணீர் பழகிக்கொண்டிருக்கிறது என்று எழுதி ஒட்டினேன். மறுநாள் யாரோ தண்ணீருக்குத் தீவனம் போட்டிருந்தார்கள். அதன் பிறகுதான் மூடிக்குப் பூட்டுப் போட்டேன்.

சங்கராந்திக்கு முன்தினம், பின்னால் இருந்து கப்பிகளை வாளியில் அள்ளிக்கொண்டு வந்தால், ராவ்காரு தேங்காயோடும் பிளாஸ்டிக் உறை நிறையத் தங்க மீனோடும் நிற்கிறார். எட்டும் ஒன்றும். என் வாளியை எட்டிப் பார்த்து, சாக்கடை மீனையா சேகர் காருவின் தொட்டியில் விடுவது, அவர் ஆத்மா என்ன நினைக்கும் என்றார். கூட்டம் தலையாட்டியது. உன் ஆத்மாவைப் பற்றி இந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் ஒரு கருத்து இருக்கிறது. நான் வாளியைக் கீழே வைக்காமல் நின்றேன்.

உன் மகள் நித்யா ஆபீசுக்குக் கிளம்பி, தோளில் பையோடு நின்றிருந்தாள். அவளைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாம் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்வாள், அதட்டினால் இந்திக்குத் தாவுவாள். அன்று ராவ்காருவைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, தமிழில் சொன்னாள்:

"அப்பா மீனுக்கு டெய்லி அப்பா வேணும், மாமா. அதனாலதான் அன்னிக்கு உடனே ஆட்டோ ஏறல. இதுக்கு யாரும் நிக்க வேணாம். இதையே விடுங்க."

நான் வாளியைச் சாய்த்தேன்.

வாஸ்துச் சிக்கலும் தானாகத் தீர்ந்தது. கப்பிகளில் ஒன்று கறுப்பு வால். சரி, ஒன்று கறுப்பு, மீதியை எண்ணுவோம் என்று ராவ்காரு குனிந்தார். எண்ணி முடிப்பதற்குள் அவை குட்டி போட்டுவிடுகின்றன. எந்தச் சாஸ்திரத்துக்கும் அகப்படாத குடும்பம். தங்க மீன்களை அவர் தன் வீட்டுக்கே கொண்டுபோனார். போன மாதக் கூட்டத்துக்குத் தலைவரே வரவில்லை. தண்ணீர் மாற்றுகிறாராம். நித்யாவை அனுப்பி, நெஞ்சுவலி ஏதும் இல்லையே என்று கேட்கச் சொன்னேன்.

கமலா லிஃப்டில்தான் இறங்குகிறாள். பால் பையோடு கொஞ்ச நேரம் நிற்கிறாள். நேற்று, "எங்கண்ணன் பாத்தா கொன்னுருப்பான்" என்றாள். சிரித்தாளா என்று சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் நகரவில்லை.

அடுத்த வாரம் நானும் கமலாவும் நித்யாவும் பேத்தியைப் பார்க்க அரக்கோணம் போகிறோம். பூட்டின் சாவி என் பையில்தான் வரும். யாரிடமும் கொடுக்கப் போவதில்லை, யாரையும் பார்த்துக்கொள்ளச் சொல்லப் போவதுமில்லை. திரும்பி வரும்போது அவை இருக்கும். நாங்கள் போனதே அவற்றுக்குத் தெரிந்திருக்காது.

உனக்கு ஒன்று வாக்குக் கொடுக்கிறேன், சேகர். என்றைக்காவது எனக்கு நெஞ்சு அமுக்கினால், உன் தொட்டியைத் தாண்டித்தான் வாசலுக்குப் போக வேண்டும். அப்போது நான் திரும்பிப் பார்க்கமாட்டேன். தண்ணீர் பாதியிலேயே இருக்கட்டும். ஆட்டோவில் ஏறிவிடுவேன்.

இப்படிக்கு,
உன் தங்கையின் வீட்டுக்காரன்,
எண்ணெய்க் கை மச்சான்,
ராமு