மூணாவது கண்ணாடி

கண்ணாடிக் கடை முதலாளி தம்பிக்கு,

நேர்ல சொன்னா நடுவுல புகுந்து பேசுவே. அதான் கடிதம். நீ போட்டுக் கொடுத்த மூணாவது கண்ணாடியையும் இத்தோட அனுப்பியிருக்கேன். ஷோகேஸ்ல வச்சுக்கோ, அழகா இருக்கும்.

டயாலிசிஸ் முடிஞ்சு தள்ளாடிக்கிட்டு வர்ற என்னைக் கடையில இறக்கி, எழுத்தைப் படிக்கச் சொல்லி பவர் பார்த்தியே, பெரிய மேதாவி! உடம்புத் தண்ணியை எடுத்த அன்னிக்குப் பார்வை ஒரு மாதிரி இருக்கும், மறுநாள் வேற மாதிரி இருக்கும்னு கண் டாக்டர் சொல்றார். மூணு தடவையும் நீ டயாலிசிஸ் அன்னிக்குத்தான் பார்த்தே.

கண்ணுக்குள்ள கறுப்பா நூல் மாதிரி மிதக்குதுடான்னு சொன்னேன். "கண்ணாடியை நல்லாத் துடைச்சுப் போடுக்கா"ன்னு ஒரு துணியை நீட்டினே. அந்த நூல் கண்ணுக்குள்ள கசிஞ்ச ரத்தமாம். தம்பியே கடை வச்சிருக்கும்போது டாக்டர் எதுக்குன்னு கேட்டவன் நீ. அதையும் நம்பினேன் பாரு, என்னைச் சொல்லணும்.

இடது கண்ணை விடு, அது போச்சு. வலது கண்ணுக்குப் புதன்கிழமை ஊசி. துணைக்கு நீ வர வேண்டாம். வந்தா அந்த டாக்டருக்கே பவர் பார்ப்பே.

கையெழுத்தைப் பார்த்ததுமே உனக்குத் தெரிஞ்சிருக்கும். நான் சொல்லச் சொல்ல எழுதுறது உன் பொண்டாட்டிதான். கண்ணுக்கு மருந்து விட பத்து நாளா இங்கதான் இருக்கா. கொஞ்சம் காரத்தைக் குறைச்சு எழுதும்மான்னேன். "நீங்க சொன்னதே காரம் கம்மி அண்ணி"ன்னுட்டா.

இப்படிக்கு,
உன் அக்கா